மூன்றாம் நாற்காலியின் குடைக்கோரை

“இந்தச் செடி எப்பவும் தண்ணியிலயே நிக்குதே, அதுக்குச் சளி பிடிக்காதா?”

ஒரு பள்ளி விடுமுறை நாளில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்கிற லிஃப்ட்காரரிடம் இப்படிக் கேட்டாள். நான்கு மணி நேர டயாலிசிஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, அவர் மூன்றாம் எண் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. கால் மட்டும் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும் போலிருந்ததால், “அதை உங்கம்மாகிட்ட கேளு” என்று மட்டும் சொன்னார்.

சிறுமியின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலையில் அவர் உட்காருகிற அதே மூன்றாம் நாற்காலி மதிய ஷிப்டில் அவளுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் அங்கே எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்கடை அம்மா. சன்னல் திண்டில் இருந்த செடியும் அவள் கொண்டுவந்து வைத்ததுதான். வெளியே போகிற அவசரத்தில் லிஃப்ட்காரர் அவளிடம் ஒரு வார்த்தை விட்டார்.

“பச்சைப் பிள்ளையை ஏம்மா ஆஸ்பத்திரிக்கெல்லாம் இழுத்துட்டு வர்றீங்க? வீட்ல பாத்துக்க ஆளில்லையா?”

அவள் கோபப்படவில்லை. “அவளுக்குச் செடியைப் பாக்கணுமாம் அண்ணே” என்று சிரித்தாள்.

தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தவன் கெட்டுப்போக மாட்டான் என்பார்கள். அந்த அறையில் மட்டும் அந்த வாக்குச் செல்லாது. அங்கே சாய்நாற்காலிகளில் படுத்திருக்கும் எட்டுப் பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்யாது. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிக் காலை வீங்க வைக்கும், மூச்சை முட்டும். ஆகவே ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். டீயும் மாத்திரை விழுங்கும் மடக்கும் அதற்குள் அடக்கம். லிஃப்ட்காரர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கறுப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். காலையில் கோடு வரை நிரப்பிவிட்டால் மறுநாள் காலை வரை அதுதான் கணக்கு. பாட்டில் எப்போதும் மாலை நான்கு மணிக்கே காலியாகிவிடும். பிறகு திருட்டுத்தனம் தொடங்கும். முகம் கழுவும்போது ஒரு மடக்கு, பல் துலக்கும்போது ஒரு மடக்கு. அடுத்த டயாலிசிஸ் நாளில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றதும் குட்டு வெளிப்படும்.

“ரெண்டே நாள்ல மூணு கிலோ. கிணத்தையே தூக்கிக் குடிச்சீங்களா?” என்பார் சிஸ்டர்.

“கனவுல குடிச்சதும் ஏறுமா சிஸ்டர்?”

“ஏறும். அடுத்த தடவை வறண்டு போன கிணறாப் பாத்துக் கனவு காணுங்க.”

எட்டு வாய்கள் இப்படிக் காய்ந்து கிடக்கிற அறையில், அந்தச் செடி மட்டும் ஒரு தட்டு நிறையத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றது. நர்சரிக்காரர்கள் அதைக் குடைக்கோரை என்பார்கள். ஓடைக்கரையில் வளரும் கோரையின் உறவுதான். இடுப்புயரத் தண்டு, இலை எதுவும் இல்லாமல் நேராக எழும்பி, உச்சியில் மட்டும் மெல்லிய இலைகளைக் குடைக் கம்பிகளைப் போல விரிக்கும். மற்ற செடிகளுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல். இதற்குத் தேங்காவிட்டால்தான் ஆபத்து. லிஃப்ட்காரருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல் வரும். நான்கு மணி நேரமும் கையை அசைக்கக் கூடாது. பக்கத்தில் இயந்திரம் அவர் இரத்தத்தை இழுத்து, வடிகட்டி, திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு எதிரே அந்தத் தட்டில் தண்ணீர் மினுங்கும். ஒருநாள் நான்காம் நாற்காலியில் இருந்த தபால்காரரிடம் சொன்னார்: “வேற இடமே கிடைக்கலையா இதை வைக்க? பட்டினி கிடக்கிறவன் முன்னாடி பந்தி போட்ட மாதிரி.”

“நீங்க அதைப் பாக்காதீங்க. அதுவும் உங்களைப் பாத்துப் பயந்துதான் நிக்குது” என்றார் தபால்காரர்.

உட்கார்ந்திருப்பது என்பதே லிஃப்ட்காரருக்கு ஒரு தண்டனை. இருபது வருடமாக ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றி, கட்டடம் கட்டடமாக ஏறி, இருண்ட கூண்டுகளின் உச்சியில் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் இட்டுப் பழகியவர். நோய் வந்தபோது அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் வொர்க்‌ஷாப்பில் ஒரு மேசை வேலை தருவதாகச் சொன்னார். பழுதான கதவு மோட்டார்களைக் கழற்றிச் சரிசெய்கிற வேலை. “ஒரே இடத்துல உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் சார்” என்று மறுத்துவிட்டார். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளிவேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு, வாரம் மூன்று நாளும் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்டில் டயாலிசிஸ் கிடைக்க வேண்டும். அந்த ஷிப்டுக்கு ஆறு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. அவருக்கு இரண்டாம் வாரமே கிடைத்தது. ‘கடவுள் கண்ணைத் திறந்துட்டார்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு நாள் அவர் கிளம்பும் நேரத்துக்குக் கண்ணாடிக்கடை அம்மா முன்னதாகவே வந்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அண்ணே, என் தம்பி ஒரு கிட்னி தர்றேன்னுட்டான். வேற ஊர் பெரிய ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். மூணு மாசம் அங்கதான் இருப்போம். பிள்ளையும் கூட வர்றா.”

“நல்லதும்மா” என்றார். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ சுருண்டு படுத்தது. அவர் மனைவியின் இரத்தம் அவருக்குச் சேரவில்லை. கூடப் பிறந்த அண்ணனோ, விஷயத்தைக் கேட்ட நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

“செடியை மட்டும் நீங்க பாத்துக்குவீங்களா? தட்டுல எப்பவும் ஒரு விரல் தண்ணி நிக்கணும். காய்ஞ்ச தண்டை அடியோட வெட்டிடணும். வேற ஒரு தொல்லையும் இல்லை. தலையை வெட்டித் தலைகீழாத் தண்ணியில போட்டாக்கூடப் பொழைச்சுக்கும், அவ்வளவு நல்ல செடி.”

“நானா?”

“ஒரே நாற்காலிக்காரங்கதானே நாம” என்றாள். மறுக்க முடியவில்லை.

மனிதன் பொறாமைப்படும்போதுதான் அதிகக் கடமையுணர்ச்சி உள்ளவனாக நடந்துகொள்கிறான். லிஃப்ட்காரர் ஒரு முறை தவறாமல் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் எங்கே எடுப்பது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அறைக்குப் பின்னால் டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெரிய இயந்திரம் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, நாள் முழுவதும் ஒரு நீல டிரம்மில் பளிங்கு மாதிரித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இயந்திரம் அறிந்தவர் அல்லவா? மனிதன் இரத்தத்துக்கே கொடுக்கிற தண்ணீர், செடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதில் ஒரு குவளை மொண்டு வந்து தட்டில் ஊற்றினார். ஊற்றும்போது அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவார். ‘நான் குடிக்க முடியாததையெல்லாம் நீயே குடி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

இரண்டாம் வாரம் குடைகளின் நுனி பழுத்தது. மூன்றாம் வாரம் பழுப்பு உள்ளே இறங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு குவளை ஊற்றினார். நான்காம் வாரம் பதினெட்டுத் தண்டில் பதினைந்து வைக்கோலாகத் தொங்கின. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

“கருகிப்போன குடையா இருக்கே. இடி விழுந்துச்சா?” என்றார் தபால்காரர்.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நான்கு மணி நேரமும் அவர் கண் செடியை விட்டு நகரவில்லை. இரத்த அழுத்தம் ஏறி இயந்திரம் இரண்டு முறை கத்தியது. அவள் அங்கே நம்பிக்கையோடு படுத்திருப்பாள். திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? தான் மனதுக்குள் பட்ட பொறாமைதான் செடியின் வேரில் இறங்கிவிட்டதோ என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. அவர் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அன்று கண்ணை மூடி, ‘அவளுக்கு நல்லபடியா முடியணும், சாமி, நான் நினைச்சதை எடுத்துக்காதே’ என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் உண்மையாக இருந்தது. மனதிலிருந்த சுருள் கொஞ்சம் அவிழ்ந்தது.

டயாலிசிஸ் முடிந்து, பின்புறம் டிரம்மருகே குவளையோடு குனிந்தபோது, சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கவனிக்கும் தண்ணி மெஷின்காரர் வெளியே வந்தார்.

“என்னங்க, கை கழுவறீங்களா?”

“செடிக்கு. எவ்வளவு ஊத்தினாலும் காயுது.”

“எந்தத் தண்ணி ஊத்தறீங்க?”

“இதுதான். உங்க மெஷின் குடுக்கிற தண்ணி.”

மெஷின்காரர் முதலில் சிரித்தார். லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “இது மெஷின் குடுக்கிற தண்ணி இல்லீங்க. மெஷின் துப்புற தண்ணி. உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தையும் வடிச்சு இதுல கழிச்சு விட்டுடும். நல்ல தண்ணி வேற குழாய்ல உள்ள போகுது. இதை வச்சுத் தரைதான் துடைப்பாங்க. ஒரு மாசமா இதையா ஊத்தினீங்க?”

லிஃப்ட்காரர் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். பளிங்கு மாதிரித்தான் இருந்தது.

“அந்தம்மா வீட்லேர்ந்து பாட்டில்ல கொண்டு வருவாங்களே. பாத்ததே இல்லையா?”

“நான் எங்க பாக்கிறது? நான் காலையில வர்றேன், அவங்க மதியம் வர்றாங்க.”

“அதுவே உங்களாலதானே” என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்னாலயா?”

மெஷின்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். “சொல்லக் கூடாதுன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, இனிமே என்ன. நீங்க புதுசா வந்தப்ப வராந்தாவில உக்காந்து உங்க வீட்டம்மாகிட்ட, காலை ஷிப்ட் கிடைக்கலைன்னா வேலை போயிடும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் அங்கதான் குழாய் மாத்திக்கிட்டிருந்தேன். அப்ப காலை ஷிப்ட் அந்தம்மாவோடது, அவங்களும் கேட்டுக்கிட்டே போனாங்க. மறுநாள் சிஸ்டர்கிட்ட, எனக்குக் காலையில முடியலை, புதுசா வந்தவரோட மதிய இடத்துக்கு மாத்திப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. சிஸ்டருக்கே காரணம் தெரியாது. நான் வெளிய பிடிச்சுக் கேட்டேன். ‘அவருக்கு வேலை முக்கியம், எனக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னப்பின்ன ஆனா என்ன’ன்னாங்க.”

“அவங்களுக்கு என்ன கஷ்டம் அதுல?” என்று லிஃப்ட்காரர் கேட்டார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

“பிள்ளைதான். ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். அந்தம்மாவுக்கு மூணரைக்குத்தான் முடியும். பிள்ளை நேரா இங்க வந்து வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்கும். நல்ல பிள்ளை, சத்தமே வராது.”

‘வீட்ல பாத்துக்க ஆளில்லையா?’ என்று தான் கேட்டது லிஃப்ட்காரருக்கு அந்த இடத்திலேயே நினைவுக்கு வந்தது. அவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் வந்தது, அது அவருக்கு மட்டுமே தெரிந்தது. வேலை போய்விடும் என்று அன்று வராந்தாவில் சொன்னது முழு உண்மையல்ல. மேசை வேலை காத்திருந்தது. அவர்தான் வேண்டாம் என்றார். அவருடைய கால் ஓரிடத்தில் நிற்காது என்பதற்காக ஒரு குழந்தை இரண்டு வருடமாக ஒரு பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

குவளைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். செடியைத் தொட்டியோடு தூக்கி, ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று வேலைக்கு விடுப்புச் சொன்னார்.

“ஒரு டம்ளர் எடுத்து வச்சதில்லை இந்த வீட்ல. செடிக்கு லீவு போடறாராம்” என்று அவர் மனைவி யாரிடமோ சொல்வதுபோலச் சுவரிடம் சொன்னாள். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டி குழாய்க்கடியில் இருந்தது. தண்ணீர் மெல்லிய நூலாக மண்ணில் விழுந்து அடித்துளைகள் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். “நான் எப்ப குளிக்கிறது?”

“இன்னும் மூணு மணி நேரம் ஆகும்.”

“அதென்ன, அதுக்கும் டயாலிசிஸா?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஆமா” என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து வந்து, அவருடைய தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனாள். ஈரத்தில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஆகாது.

செடிக்குச் சளி பிடிக்கவில்லை. உப்புப் பிடித்திருந்தது. அந்தச் சிறுமி கேட்டபோது இந்தப் பதில் தெரியாமல் போயிற்று. மூன்று மணி நேரம் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாயில் ஒரு சொட்டும் படாமல் உட்கார்ந்திருந்தார். கால் பத்து முறை எழத் துடித்தது. பத்து முறையும் அடக்கினார். வெள்ளைப் பூப்பு கரைந்து மண் கறுத்தது. பிறகு கத்தரியை எடுத்து, பழுத்த பதினைந்து தண்டுகளையும் அடியோடு வெட்டினார். மிச்சம் மூன்று.

மண்ணுக்குள் உயிர் இருக்கிறதா என்று தெரியாது. அந்த மூன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், ரோஜாவுக்குச் செய்வதுபோல இரண்டு தண்டை வெட்டி, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு ஜாடியில் நிறுத்தினார். காலையும் மாலையும் பார்த்தார். எட்டாம் நாள் தண்ணீர் நாறியது. இரண்டும் கொழகொழவென்று அழுகி விழுந்தன. அன்று ஒரு லிஃப்டின் கதவைச் சரிபார்த்துவிட்டு, கருவிப்பெட்டியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். மறுபடி போய் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியில்தான், சிக்னலில் நிற்கும்போது, கண்ணாடிக்கடை அம்மா சொன்னது காதில் திரும்ப விழுந்தது. தலையை வெட்டித் தலைகீழாத் தண்ணியில போட்டாக்கூட.

‘பொழைச்சுக்கும்’ என்பதைத்தான் அவர் கேட்டிருந்தார். ‘தலைகீழா’ என்பதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்.

மீதி இருந்தது ஒரே ஒரு குடை. அதையும் வெட்டினால் தொட்டியில் ஒன்றும் இருக்காது. கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மாலை போயிற்று. கடைசியில் அவர் மனைவிதான், “வெட்டுறதுன்னா வெட்டுங்க. முள் மேல நிக்கிறதைப் பாக்க முடியலை” என்றாள். குடைக்குக் கீழே நான்கு விரல் விட்டுத் தண்டை நறுக்கினார். கம்பிகளின் நுனியைப் பாதியாகக் கத்தரித்தார். தண்ணீர் வைக்கப் பாத்திரம் தேடினார். அகலம் சரியாக இருந்தது அவருடைய பாட்டில்தான். கறுப்புக் கோடு போட்ட பாட்டிலின் வாய்ப்பகுதியை அறுத்து, கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றி, குடையைக் கவிழ்த்து மிதக்கவிட்டார். தண்டு வானத்தைப் பார்க்க, தலை தண்ணீரில் கிடந்தது.

“இதுல வச்சுட்டா உங்களுக்கு அளவு?” என்று மனைவி கேட்டாள்.

“எனக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அன்று முதல் ஒரு டம்ளரில் எண்ணிக் குடித்தார். விந்தை என்னவென்றால், திருட்டு மடக்கு நின்றுபோயிற்று. பாட்டிலில் நீர்மட்டம் கோட்டை விட்டு இறங்குவதை அவர் பார்க்கிறார், ஆனால் இறக்குவது அவரில்லை. அது இறங்கினால் சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம். பொறுமை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வருகிறது, சிலருக்கு யாராவது கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நாள் காலை, கம்பிகள் சேரும் நடுப்புள்ளியிலிருந்து வெள்ளை நூல்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவு பச்சை ஒன்று மேலே திரும்பியிருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “தலையிலேர்ந்து வேரா?” என்றாள். அதே வாரம் தொட்டியிலும் ஒரு முளை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது.

கண்ணாடிக்கடை அம்மாவிடமிருந்து சேதி வந்தது பதினோராம் வாரத்தில். சிஸ்டர்தான் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில்.

“கண்ணாடிக்கடை அம்மா அடுத்த திங்கள்லேர்ந்து இங்கதான். கடைசி டெஸ்ட்ல தம்பிக்கே ஏதோ குறை இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். தர முடியாதாம். பாவம், தம்பிதான் அழுதிருக்கான். இவங்க அவனைத் தேத்தியிருக்காங்க.”

லிஃப்ட்காரர் சன்னல் திண்டைப் பார்த்தார். செடி இருந்த இடத்தில் தட்டின் வட்டத்தடம் மட்டும் இருந்தது. இது நடக்க வேண்டும் என்று முன்பு அவர் மனதின் ஒரு மூலை விரும்பியிருந்தது. இப்போது நடந்துவிட்டது. அதில் ஒரு துளி இனிப்பும் இல்லை.

அன்று மதியம் வெளிவேலைக்குப் போகாமல் நேராகச் சூப்பர்வைசரிடம் போனார்.

“சார், அந்த மேசை வேலை இன்னும் இருக்கா?”

“உங்களுக்குத்தான் பைத்தியம் பிடிக்குமே.”

“பிடிச்சா பிடிக்கட்டும் சார். டயாலிசிஸ் நாள்ல காலையில ஆறுலேர்ந்து பதினொண்ணு. மத்த நாள்ல முழுசா.”

சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “ஏறி இறங்க முடியலையா?”

“ஆமா சார்” என்றார். பொய்தான். ஆனால் சில பொய்களைக் கடவுள் கேட்காததுபோல் இருந்துவிடுவார் என்பது அவர் நம்பிக்கை.

மறுமுறை போனபோது சிஸ்டரிடமும் அதையே சொன்னார். வேலை நேரம் மாறிவிட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து மதியம் போடுங்கள். சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார். “காலை ஷிப்டை யாராவது விடுவாங்களா? ஒரு தடவை விட்டா திரும்பக் கிடைக்காது, தெரியும்ல?” என்றார். பிறகு பதிவேட்டைப் பார்த்துத் தனக்குள் சொல்வதுபோல, “அப்ப இந்த இடத்துல அந்தம்மாவையே போட்டுடலாம், பிள்ளையும் வராந்தாவில காத்துக் கிடக்க வேண்டாம். இதுலயாவது அவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்” என்றார். லிஃப்ட்காரர் கையிலிருந்த பிளாஸ்திரியை அழுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் முதன்முறையாக மதியம் வந்தார். காலை முழுக்க மேசையில் குனிந்து முதுகு வலித்தது. தொட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, முறை வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போயிருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை. பெரியவர்களுக்கு அது தாழ்ந்த பெஞ்சு. முழங்கால் மேலே வந்தது. தலையைத் திருப்பியபோது, சுவரில் ஒரு குழந்தையின் தோள் உயரத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன. சின்னச் சின்னக் குடைகள். சில நேராக, சில தலைகீழாக. வரிசை வரிசையாக, பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மூன்றரைக்கு ஊசி எடுத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிஸ்டர் மருந்துக் கணக்குப் பார்க்க உள்ளறைக்குப் போனார். இயந்திரங்கள் அணைந்த பிறகு அறை புதிதாக அமைதியானது. லிஃப்ட்காரர் எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது. நாற்காலியைப் பிடித்து நின்று, சரியானதும் தொட்டியைத் தட்டோடு தூக்கிச் சன்னல் திண்டில் அந்த வட்டத்தடத்தின் மேல் சரியாக வைத்தார். மண்ணிலிருந்து வந்த ஐந்து தண்டுகளும், தலைகீழாக முளைத்து இப்போது நடுவில் நட்டு வைத்த சின்னதும் ஒன்றையொன்று தொட்டு அசைந்தன. புதுத் தண்டு ஒன்றின் குடை இன்னும் விரியவில்லை. மழை நிற்கும் என்று மடக்கி வைத்ததைப் போல இறுகியிருந்தது.

பையிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். இந்த முறை உயரத்திலிருந்து ஊற்றவில்லை, தட்டின் விளிம்போரமாகச் சத்தமில்லாமல் ஊற்றினார். ஆள்காட்டி விரலை நிறுத்தி அளந்தார். ஒரு விரல் இருந்தது. மீதித் தண்ணீரோடு பாட்டிலைத் திண்டின் மூலையில், திங்கள் காலை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

வாய் காய்ந்திருந்தது. ஈர விரலை ஒருமுறை உதட்டில் வைத்துக்கொண்டார்.

தட்டில் தண்ணீர் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.